ஆள் அனுப்புதல்

1553 அக்டோபர் 27-ந் தேதி, ஜெனீவா நகரத்துக்கு வெளியே ஷாம்பெல் என்ற மேட்டில், மிகேல் செர்வேத்துஸ் என்ற ஸ்பானிய மருத்துவரை உயிரோடு எரித்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்புவதை ஐரோப்பாவில் முதன்முதலாகச் சரியாக எழுதியவர் என்று மருத்துவ வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதை அவர் எழுதியது மருத்துவ நூலில் அல்ல. திரித்துவத்தை மறுத்த ஒரு மதநூலில். அந்த நூலையும் அவரோடு சேர்த்தே கொளுத்தினார்கள். ஃபாரெல் என்ற போதகர் கடைசிவரை கூடவே நடந்து வந்து மன்றாடிக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு திருத்தம். இயேசுவை 'தேவனின் நித்திய குமாரன்' என்று சொல்ல வேண்டும். செர்வேத்துஸ் நெருப்புக்குள்ளிருந்து கூப்பிட்டது 'நித்திய தேவனின் குமாரனை'. அடைமொழி ஒரு சொல் தள்ளி நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

சொற்களின் இடத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் நாமும்தான். நம் சண்டைகளில் சேதமாவது பெரும்பாலும் நட்பு மட்டுமே. என்றாலும், இந்தச் சம்பவத்தை மொழிப்பித்தர்களின் மூர்க்கம் என்று ஒதுக்கிவிட்டுப் போகும் உரிமை மற்றவர்களைவிட நமக்குக் குறைவு என்று நினைக்கிறேன். அந்த அடைமொழியில் என்ன இருந்தது?

குமாரன் நித்தியமானவர் என்றால், கடவுள் ஒருபோதும் தனியாக இருந்ததில்லை. உலகம் உண்டாவதற்கு முன்பே அவருக்குள் ஒருவர் மற்றவரை நோக்கியிருத்தல் இருந்தது. அன்பு கடவுள் பிற்பாடு கற்றுக்கொண்ட காரியமல்ல. பிதா மட்டுமே நித்தியமானவர், குமாரனுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்றால், அந்தக் குமாரன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் கடவுளுக்கு வெளியே நிற்கிறவர். முதல் கட்சி 325-ல் நிசேயாவிலும் 381-ல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் கூடிய சங்கங்களில் சபையின் விசுவாசப் பிரமாணமாயிற்று. இரண்டாம் கட்சிக்கு அலெக்ஸாந்திரியாவின் ஆரியஸ் என்ற பாதிரியாரின் பெயர் நிலைத்துவிட்டது. (நம்மூர் ஆரியப் பிரச்னைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) செர்வேத்துஸ் சரியான அர்த்தத்தில் ஆரியஸின் ஆள் அல்ல. வார்த்தை நித்தியமானது, குமாரன் என்கிற உறவு காலத்தில் தோன்றியது என்பது அவர் கட்சி. எரித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படவில்லை.

மூன்று எப்படி ஒன்றாகும் என்று இதைப் பள்ளிக்கூடத்துக் கணக்காக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவது சுலபம். நம்முடைய பகுத்தறிவு மேடைகளில் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறோம். எதிர்ப்பக்கத்தில் சூரியன், ஒளி, வெப்பம் என்றும், தண்ணீர், பனிக்கட்டி, ஆவி என்றும் ஞாயிறு வகுப்பு உதாரணங்கள் தயாராக இருக்கின்றன. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. எண்தான் பிரச்னை என்றால் தமிழ் இலக்கணமே ஒரு சமாதானம் வைத்திருக்கிறது. 'ஒருவர்' என்ற நம் சொல்லில் ஒன்று என்ற எண்ணும் பலர்பால் விகுதியும் ஒன்றாகக் கிடக்கின்றன. அது பன்மை வினை கொண்டு முடியும் என்பதைத் தொல்காப்பியமே கவனித்திருக்கிறது. தெருவில் ஒருவர் வந்தார் என்று நாம் தினமும் சொல்கிறோம். ஒருமை எங்கே, பன்மை எங்கே என்று யாரும் மயங்குவதில்லை. இதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை அவ்வளவு பெரிய முட்டுக்கட்டை அல்ல என்று சொல்ல வந்தேன்.

என்னை இந்தச் சச்சரவுக்குள் இழுத்தது வேறொரு தமிழ்ச் சொல். திரித்துவத்தின் மூன்றையும் குறிக்கக் கிரேக்கர்கள் 'ஹிபோஸ்டாஸிஸ்' என்றார்கள். லத்தீன்காரர்கள் நாடக மேடையிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் 'பெர்ஸோனா'வை எடுத்துக்கொண்டார்கள். மூன்று என்றால் மூன்று என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில், இந்தச் சொல் போதாதது, சும்மா இருக்கக் கூடாதே என்பதற்காகவே இதைச் சொல்கிறோம் என்ற கருத்தில் அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்த இடங்களில் அது ஒன்று. தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஞானோபதேசம் இந்த மூன்றுக்கும் பழைய காலத்திலேயே சூட்டிய பெயர் 'ஆள்'. மூன்று ஆட்கள், இயேசு இரண்டாம் ஆள்.

ஆள் என்ற சொல்லை நம் காது எப்படிக் கேட்கிறது? கூலிக்கு ஆள் வைப்பார்கள். இவன் யாருடைய ஆள் என்று விசாரிப்பார்கள். முடியாத காரியத்துக்கு ஆள் அனுப்புவார்கள். சொல்லி அனுப்பியவர் வீட்டில் இருக்கிறார், வந்து நிற்பவன் அவருடைய ஆள். சொல்லுக்குள்ளேயே ஒரு தூரமும் ஒரு கீழ்ப்படிதலும் இருக்கின்றன. சைவ மரபில் இந்தச் சொல் அடிமை என்ற அர்த்தத்தின் உச்சத்துக்குப் போய்விட்டது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை உண்டு. சுந்தரரைத் தன் ஆள் என்று வழக்காட, கிழ வேதியராக ஓலையைத் தூக்கிக்கொண்டு கடவுளே கல்யாணப் பந்தலுக்கு வருகிறார். பின்னால் அதே சுந்தரருக்காகப் பரவையார் வீட்டுக்குத் தூதும் போகிறார், இரண்டு தடவை. ஆண்டவன் ஆளாகி நடக்கிறான். இதை வைத்து மதங்களை ஒப்பிடுவது என் வேலையல்ல. கடவுள் தானே வந்தாரா, ஆள் அனுப்பினாரா என்ற கேள்வி தமிழ் வாசகனுக்கு அந்நியமானதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஆள் அனுப்பலாம். மொய் போய்ச் சேர்ந்தால் போதும். சாவு வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது. எவ்வளவு பகை இருந்தாலும் தானே போய் நிற்க வேண்டும். நம் கிராமங்களில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. கிறிஸ்துவத்தின் நடுவில் இருப்பது ஒரு சாவு. அந்தச் சாவுக்கு வந்தது யார்? திரித்துவம் என்பது இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில். விளிம்பில் நிற்கும் இயக்கங்கள் அதை மாற்றிச் சொல்லும்போது மாறுவதும் இந்தப் பதில்தான்.

எல்லா இயக்கங்களையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்த இடம் கெத்செமனே தோட்டம். இரவு. சீஷர்கள் தூங்கிவிட்டார்கள். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக் கூடுமானால் நீங்கட்டும் என்ற பொருளில் இயேசு மன்றாடுகிறார். அந்த ஜெபத்தைக் கேட்டது யார்?

யெகோவாவின் சாட்சிகளிடம் இதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரத்தில் சார்லஸ் டேஸ் ரஸல் 1870-களில் கூட்டிய வேதபாட வட்டத்திலிருந்து வளர்ந்த இயக்கம் இது. பத்திரிகை 1879-ல் தொடங்கியது. இப்போதைய பெயர் ரதர்ஃபோர்டின் காலத்தில், 1931-ல் வந்தது. இவர்களுக்குக் கடவுள் யெகோவா ஒருவர்தான். இயேசு அவருடைய முதல் படைப்பு. பிரதான தூதனாகிய மிகாவேல் அவரே. பரிசுத்த ஆவி ஆளே அல்ல, கடவுளின் செயல்படும் சக்தி. 1950-ல் வெளியிட்ட தங்கள் புதிய ஏற்பாட்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தில் 'கடவுள்' என்று இருந்த இடத்தை 'ஒரு கடவுள்' என்றாக்கினார்கள். கிரேக்க இலக்கணம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்குக் கிரேக்கம் தெரியாது. அந்தச் சண்டையில் நான் பார்வையாளன். ஆனால் தோட்டத்தில் நடப்பது இவர்கள் வாசிப்பில் உண்மையான ஜெபம் என்பதை மறுக்க முடியாது. பயந்த ஒருவர் தன்னைவிடப் பெரியவரிடம் கெஞ்சுகிறார். நடிப்பு இல்லை, தத்துவ முடிச்சு இல்லை. சுவிசேஷத்தைக் கதையாகப் படிக்கும் வாசகன் முதல் வாசிப்பில் பெறுவதும் இந்த அர்த்தம்தான்.

இந்த நேர்மைக்குக் கொடுக்கும் விலை பெரிது. சாவு வீட்டுக்கு ஆள் அனுப்பப்பட்டிருக்கிறது. ஒருவர் அனுப்பும் ஆள் அனுப்பியவருக்குச் சமம் என்பது யூதச் சட்ட மரபில் ஒரு விதி. திரித்துவத்தை மறுப்பவர்கள் பலரும் இந்த விதியைச் சுட்டி, இயேசுவுக்குச் செய்யும் மரியாதை பிதாவுக்குச் செய்யும் மரியாதை என்று வாதிடுகிறார்கள். வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த வாதம் உடனே புரிகிறது. பவர் பத்திரம் வைத்திருப்பவர் கையெழுத்திட்டால் கணக்குக்காரர் இட்டதாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பவர் வாங்கியவர் லாரியில் அடிபட்டுச் செத்தால் கணக்குக்காரர் செத்துப்போனதாக நாங்கள் பதிவதில்லை. செல்லும் வரைதான் சமம். சாவில் சமம் இல்லை. ஈசாக்கைப் பலி கேட்டவர் ஆபிரகாமின் கையைக் கடைசி நிமிஷத்தில் தடுத்தார். கல்வாரியில் தடுக்கவில்லை. தடுக்காதவரும் அடிபட்டவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், பிதாவைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி இவர்களுடைய பிரசுரங்களில் எழுவதே இல்லை. அவர் தன் ஒரே பிள்ளையைக் கொடுத்தார், அதுவே பெரிய தியாகம் என்று நின்றுவிடுகிறார்கள். பிள்ளையைக் கொடுத்த தகப்பன்களை நம் இதிகாசங்களும் பெரிதாகப் பேசுகின்றன. பிள்ளையைக் கேட்டால் வேறு பேச்சு வரும்.

இந்த மறுப்பு தமிழுக்குப் புதிதும் அல்ல. திருவேங்கடம் என்ற பெயரோடு பிறந்து, ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ராபர்ட்ஸ் ஆன ஒருவர், இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி, லிண்ட்ஸே போன்றோரின் பிரசுரங்களைப் படித்துவிட்டு, கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய மனிதர் என்ற முடிவுக்கு வந்தார். 1795-ல் சென்னையில் ஒரு சிறு யூனிடேரியன் சபையைத் தொடங்கினார். பின்னர் புரசைவாக்கத்தில் அதற்கு ஒரு கோயிலும் எழும்பியது. மிஷனரிகள் அனுப்பாமல், வெள்ளைக்காரப் பாதிரி இல்லாமல், அச்சடித்த காகிதங்களைப் படித்து ஒரு தமிழர் தானாக எடுத்த முடிவு. நம் அறிவுலக வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. வேதத்தில் இல்லாத சொல்லை என் வாயால் சொல்ல மாட்டேன் என்கிற பிடிவாதம் ஒரு வாசகனின் பிடிவாதம். செர்வேத்துஸிடம் இருந்ததும் அதே.

இதற்கு நேர் எதிர்முனையில் பெந்தெகொஸ்தேக்காரர்களில் ஒரு பிரிவு நிற்கிறது. 1913 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அரோயோ ஸெகோ என்ற இடத்தில் ஒரு பெரிய முகாம் கூட்டம் நடந்தது. மெக்காலிஸ்டர் என்ற கனடியப் பிரசங்கி ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போது, அப்போஸ்தலர்கள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூன்று பெயர்களில் அல்ல, இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் சிலரைத் தூங்கவிடவில்லை. அடுத்த வருஷம் ஃபிராங்க் யூவார்ட், க்ளென் குக் என்ற இரண்டு ஊழியர்கள் ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். சூத்திரத்தை மாற்றியவர்களுக்குத் தத்துவத்தை மாற்றாமல் இருக்க முடியவில்லை. பிதாவின் பெயர் என்ன? குமாரனின் பெயர் என்ன? ஆவியின் பெயர் என்ன? மூன்றுக்கும் ஒரே பெயர் என்றால் ஆளும் ஒருவர்தானே? 1916-ல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் அமைப்பு திரித்துவத்தை உறுதிசெய்து தன் விசுவாச அறிக்கையை எழுதியபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். 'இயேசு மட்டும்' என்று மற்றவர்கள் இவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் இவர்களுடைய சபைகள் உண்டு.

மூன்றாம் நூற்றாண்டு சபேலியஸின் கொள்கை இது என்று சபை வரலாறு படித்தவர்கள் உடனே சொல்வார்கள். ஒரே கடவுள் மூன்று விதமாக வெளிப்படுகிறார். ஒரே மனிதன் வீட்டில் தகப்பன், தாய்க்கு மகன், ஆபீசில் அதிகாரி என்பது போல. முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்தது என்பது சபை வரலாற்றாசிரியர்களுக்கும் இலக்கிய விமர்சகர்களுக்கும் பொதுவான வியாதி. இங்கே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாவு வீட்டுக்குக் கடவுள் தானே வந்துவிட்டார். பிதா என்று தனியாக ஒருவர் மேலே பாதுகாப்பாக மிச்சமிருக்கவில்லை. தெர்த்துல்லியன் அந்தக் காலத்தில் இதே கொள்கைக்காரர் ஒருவரைப் பார்த்து, இவர் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று கேலி செய்தார். எழுத்தறிவில்லாத, வாடகை வீட்டில் குடியிருந்த, நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத மனிதர்கள் லாஸ் ஏஞ்சலஸிலும் இண்டியானாபோலிஸிலும் அந்தக் கேலியை வேண்டுமென்றே தங்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். ஆமாம், அவரேதான், மிச்சம் வைக்காமல்.

ஆனால் தோட்டத்துக்கு வந்தால் இவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரே ஆள் என்றால் அந்த ஜெபம் யாரை நோக்கி? தனக்குத் தானே பேசிக்கொண்டதா, சீஷர்களுக்காக நடித்துக் காட்டியதா? நடிப்பு என்று இவர்கள் சொல்வதில்லை. இயேசுவுக்குள் இருந்த மனுஷீகம் அவருக்குள் இருந்த தேவனை நோக்கி ஜெபித்தது என்கிறார்கள். இந்தப் பதிலைப் பரிகசிக்கலாம். நான் பரிகசிக்க மாட்டேன்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். எனினும் ஒன்று குறைகிறது. தோட்டத்தில் ஒருவர் தனியாக விடப்படுகிறார். சிலுவையில் கைவிடப்பட்டதாகக் கூப்பிடுகிறார். கைவிட இன்னொருவர் இல்லாவிட்டால் அந்தக் கூப்பாட்டின் பாரம் போய்விடுகிறது. சாட்சிகள் சாவின் பாரத்தை இழந்து ஜெபத்தைக் காப்பாற்றினார்கள். இவர்கள் ஜெபத்தை இழந்து சாவைக் காப்பாற்றினார்கள்.

இண்டியானாபோலிஸ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே ஜி. டி. ஹேவுட் என்ற கறுப்பினப் போதகர் இந்தக் கொள்கைக்கு வந்தபோது அவருடைய சபையும் வந்தது. நிறப் பிரிவினை சட்டமாக இருந்த தேசத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே அமைப்பில் ஊழியர்களாக இருந்தார்கள். 1924-ல் வெள்ளை ஊழியர்கள் பிரிந்து போனார்கள். கடவுள் ஒருவரா மூவரா என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் ஏதும் இல்லை.

மார்மன்களைச் சுருக்கமாகவே தொடுகிறேன். அவர்கள் உலகம் தனி. ஜோஸப் ஸ்மித் 1838-ல் எழுதிய விவரத்தின்படி, 1820-ல் ஒரு தோப்பில் பிதாவும் குமாரனும் இரண்டு ஆட்களாக ஆகாயத்தில் நிற்பதை அவர் கண்டார். 1843-ல் பிதாவுக்கு மனிதனைப் போலவே மாம்சமும் எலும்பும் உள்ள உடம்பு உண்டு என்று போதித்தார். கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1844 ஏப்ரலில், ஒரு நண்பரின் சாவையொட்டிச் செய்த பிரசங்கத்தில் கடவுளும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர் என்றார். மூன்று ஆட்கள், நிஜமாகவே மூன்று பேர், நோக்கத்தில் ஒன்று. தோட்டத்து ஜெபம் இங்கே மகன் தகப்பனிடம் பேசுவதேதான். தகப்பனும் ஒரு காலத்தில் இந்த வழியே நடந்தவர் என்பதால், அனுப்பியவர் அனுபவம் இல்லாத முதலாளி அல்ல. மத்திய கால இறையியலின் அசையாத, மாறாத, முடிவற்ற கடவுளை இந்தப் பண்ணை வீட்டுப் பையன் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிட்டான். 1830-ல் அவர் சொல்லி எழுதவைத்த மோசேயின் புத்தகத்தில் ஒரு காட்சி: மனிதர்களைப் பார்த்துக் கடவுள் அழுகிறார், ஏனோக்கு, நீர் எப்படி அழ முடியும் என்று திகைத்துப்போய்க் கேட்கிறான். அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்குள்ள எல்லாச் சந்தேகங்களையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன், ஏனோக்கின் அந்தத் திகைப்பை எழுதியவன் கலைஞன்.

நிசேயாக்காரர்களின் பதில் என்ன? அவர்கள் இரண்டையும் விடமாட்டோம் என்றார்கள். வந்தவர் கடவுளேதான், ஆனால் அனுப்பியவரும் உண்டு. ஜெபமும் நிஜம், சாவும் நிஜம். இரண்டையும் வைத்துக்கொள்ளத்தான் ஒரே சாரம், மூன்று ஆட்கள் என்ற வாய்க்குள் அடங்காத வாக்கியம் தேவைப்பட்டது. புரிந்ததால் எழுதிய வாக்கியமல்ல. விட முடியாததால் எழுதியது. கவிதையில் முரணைத் தீர்க்காமல் வைத்திருப்பதைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். தீர்த்துவிடாமல் அதை ஒரு சமூகமே எழுந்து நின்று வாரந்தோறும் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்ததில்லை.

இந்த இடத்தில் நிசேயாவின் பக்கம் சாய்ந்துவிட எனக்கு ஆசைதான். ஒரு நெருடல் தடுக்கிறது. அந்தப் பிதாக்கள் கடவுளைச் சிலுவைவரை கொண்டுவந்துவிட்டுக் கடைசி அடியில் பின்வாங்கினார்கள். கடவுள் துன்பப்பட முடியாதவர் என்ற கிரேக்கத் தத்துவத்தின் கட்டளையை அவர்களால் மீற முடியவில்லை. 451-ல் கால்செதோனில் இயேசுவுக்கு இரண்டு இயல்புகள் என்று வகுத்த பிறகு, வலித்தது மனித இயல்புக்கு, தேவ இயல்புக்கு அல்ல என்று சொல்வது வழக்கமாயிற்று. 'இயேசு மட்டும்' என்கிறவர்களின் பதிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மனுஷீகம் ஜெபித்தது என்று அவர்கள் சொன்னால் சிரிக்கிறோம். மனித இயல்பு செத்தது என்று இவர்கள் சொன்னால் இறையியல் என்கிறோம். சிலுவைக்குத் தன் மனித இயல்பை அனுப்பிவிட்டுத் தேவ இயல்பு நோகாமல் இருந்தது என்றால் அதுவும் ஒருவிதத்தில் ஆள் அனுப்பியதுதான். இதைச் சகிக்க முடியாமல்தான் 1972-ல் யூர்கன் மோல்ட்மன் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றிய தன் நூலை எழுதினார். பதினேழு வயதில் ஹாம்பர்க் குண்டுவீச்சில் பக்கத்தில் நின்ற நண்பன் சிதறியதைப் பார்த்தவர் அவர். குமாரன் சாவை அனுபவித்தார், பிதா குமாரனின் சாவை அனுபவித்தார் என்கிறார். வலிக்காத ஆள் அங்கே ஒருவரும் இல்லை. பதினாறு நூற்றாண்டு பிந்தி வந்த பதில். இதுவும் மரபுக்கு உட்பட்டதா என்று அவருடைய சக இறையியலாளர்களே சந்தேகப்பட்டார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு, என் அளவுகோலின்படி சாட்சிகளின் கடவுள் தேறவில்லை என்று முடித்துவிடலாம். முடிக்க முடியாமல் செய்வது அந்த மனிதர்களே.

கடவுள் தானே வந்தார் என்ற கொள்கையைக் காப்பாற்றத்தான் ஜெனீவாவில் விறகு அடுக்கினார்கள். விறகைக் கால்வின் விரும்பவில்லை, வாளால் வெட்டினால் போதும் என்று கேட்டார் என்பதை அவருடைய அன்பர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். மறுவருஷமே செபாஸ்டியன் கஸ்தேல்லியோ கால்வினுக்குப் பதில் எழுதினார். அந்த நெருப்பில் ஒரு மனிதனைக் கொன்றதைத் தவிரக் கொள்கைக்கு எந்த உபகாரமும் நடக்கவில்லை என்பது அதன் சாரம். அது அச்சேறியது 1612-ல். எழுதியவர் செத்து ஐம்பது வருஷமாகப் போகும்போது.

மறுபக்கத்தில், நாஜி ஜெர்மனியின் முகாம்களில் சாட்சிகளுக்கென்று ஊதா நிற முக்கோணம் ஒன்று இருந்தது. ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள், ஆயுதம் எடுக்க மாட்டார்கள். இவர்களை அப்பழுக்கற்றவர்களாக்க வேண்டியதில்லை. 1933 ஜூனில் பெர்லினில் இவர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஆட்சியாளரைச் சமாதானப்படுத்தும் தொனியும் யூதர்களைப் பற்றி மன்னிக்க முடியாத வரிகளும் இருந்தன. விலக்கப்பட்ட சொந்தப் பிள்ளையோடும் பேசாதே என்கிற கட்டுப்பாடு, அண்மையில் சற்றுத் தளர்ந்திருந்தாலும், பல குடும்பங்களைப் பாழாக்கியிருக்கிறது. ஆனால் முகாமில் அவர்களுக்கு மட்டும் ஒரு விசேஷ வசதி தரப்பட்டிருந்தது. தன் மதத்தை விட்டுவிட்டதாக ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டால் வெளியே போகலாம். யூதனுக்கோ ஜிப்ஸிக்கோ இந்தக் காகிதம் கிடையாது. மிகப் பெரும்பாலோர் கையெழுத்திடவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு சிறு சம்பவம் உண்டு. 1985-ல் கேரளத்தில் இந்தச் சபையைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள். வாய் திறந்து பாடவில்லை. நம்பாததைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் கற்றிருந்தார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு படிக்க வேண்டிய ஒன்று. விசுவாசப் பிரமாணத்தைப் பழக்கத்தால் சொல்கிற லட்சம் பேரையும், கீதத்தைப் பழக்கத்தால் பாடுகிற என்னையும், எழுந்து நின்று சும்மா இருந்த அந்த மூன்று குழந்தைகளையும் எப்படி ஒரே தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

1939 செப்டம்பர் 15-ந் தேதி, போர் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஸாக்ஸன்ஹவுஸன் முகாமில் கைதிகள் எல்லோரையும் அணிவகுத்து நிற்க வைத்தார்கள். ஆகஸ்ட் டிக்மன் என்ற சாட்சிக்கு வீட்டிலிருந்து ராணுவ அடையாளப் புத்தகம் வந்திருந்தது. அதில் கையெழுத்திட மறுத்துவிட்டார். எல்லோர் முன்னாலும் அவரைச் சுட்டார்கள். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அவருடைய சகோதரரும் இருந்தார். அதன் பிறகு கமாண்டன்ட் மற்றச் சாட்சிகளைப் பார்த்து, காகிதத்தில் கையெழுத்திடத் தயாராக இருப்பவர்கள் முன்னால் வரலாம் என்று அறிவித்தார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள் என்று முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தவர்கள். அதை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்பதற்காக வந்தார்கள்.